பட்டாசுக் கம்பெனி வாசலில் ஒரு நிமிஷ ஓட்டம்

சனிக்கிழமை காலையில எனக்கு ஒரே ஒரு வேலைதான். பதினெட்டு கிலோமீட்டர் ஓடணும். நடுவுல நிக்கக் கூடாது.

நான் சிவகாசியில ஒரு காலண்டர் பிரஸ்ல ஆர்டர் பிடிக்கிறவன். வயசு நாப்பத்தி நாலு. சுகர் எட்டிப் பார்க்குதுன்னு டாக்டர் சொன்னதும் ஊர்ல இருக்கிற ஓட்டக் குழுவுல போய்ச் சேர்ந்தேன். மதுரையில நடக்கிற அரை மாரத்தானுக்கு எங்க குழுவுல நாலு பேருக்கு இடம். மூணு பேரு முடிவாயிருச்சு. நாலாவது இடத்துக்கு என்னை விட்டா வேற ஆளே இல்ல. அப்பவும் கோச்சுக்கு சந்தேகம்.

கோச் ஒரு பி.டி. வாத்தியார். சனிக்கிழமை நிக்காம பதினெட்டு ஓடி, வாட்ச்ல பதிவானதை அனுப்புங்க, அப்புறம் பார்க்கலாம்னு சொல்லிட்டாரு. நானோ மதுரைக்குப் போறேன்னு பிரஸ்ல ஒரு ஆள் விடாம சொல்லி வச்சிருந்தேன். போகலைன்னா அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

விடியுறதுக்கு முன்னாடி ஷூவை மாட்டுறப்பவே வீட்டம்மா ஆரம்பிச்சிட்டா. "ரேஷன் கடைக்குப் போகச் சொன்னா முட்டி வலிக்குதும்பீக. பதினெட்டு கிலோமீட்டருக்கு மட்டும் வலிக்காதோ?"

இதுக்குப் பதில் சொல்ல நின்னா ஓட்டமே போயிரும். கிளம்பிட்டேன்.

ஆனைக்குட்டம் வரைக்கும் போயித் திரும்பணும். போறப்ப ஒரு குறையும் இல்ல. திரும்புறப்ப பைக்ல வந்த ஒருத்தர் வேகத்தைக் குறைச்சு பக்கத்துலயே வந்தாரு. பஸ்ஸை விட்டுட்டீகளா அண்ணாச்சி, ஏறுங்கன்னாரு. இல்ல, சும்மா ஓடுறேன்னேன். வண்டி என்னாச்சுன்னு கேட்டாரு. வண்டி வீட்ல நல்லா இருக்குன்னேன். கொஞ்ச தூரம் யோசிச்சுக்கிட்டே வந்தவரு, "வீட்ல எதுவும் சண்டையா?"ன்னு மெதுவாக் கேட்டாரு.

மூச்சு வாங்குனதுல நான் பதில் சொல்லல. ஆமான்னு எடுத்துக்கிட்டு, எல்லாம் சரியாப் போகும்னு ஆறுதல் சொல்லிட்டுப் போனாரு.

இங்கதான் கோச் சொன்ன இன்னொரு பாடம் வருது. கடைசி அஞ்சு கிலோமீட்டர்ல அப்பப்ப ஒரு நிமிஷம், உயிரைக் குடுத்து ஓடணும். எப்ப ஓடணும்னு வாட்ச் சத்தம் போட்டுச் சொல்லும். அந்த ஒரு நிமிஷம் அங்க இங்க பார்க்கக் கூடாது, யாரு கூப்பிட்டாலும் நிக்கக் கூடாது.

வாட்ச் கூப்பிட்ட இடம், ஒரு பட்டாசுக் கம்பெனி வாசல்.

நான் அதைக் கவனிக்கவே இல்ல. பல்லைக் கடிச்சிக்கிட்டு, கண்ணு பிதுங்க, கையை வீசிக்கிட்டு ஓடுனேன். எதிர்ல வேன்ல இருந்து இறங்கி வேலைக்கு வந்துக்கிட்டிருந்த பொம்பளைங்க என்னைப் பார்த்தாங்க. அடுத்த நொடி மொத்தப் பேரும் அப்படியே திரும்பி ஓட ஆரம்பிச்சாங்க.

எங்க ஊர்ல பொறந்தவங்களுக்கு இதை யாரும் சொல்லிக்குடுக்க வேண்டியதில்ல. கம்பெனிப் பக்கமிருந்து ஒருத்தர் ஓடி வந்தா, ஏன்னு நின்னு கேக்கக் கூடாது. முதல்ல ஓடணும். காரணத்தை அப்புறம் கேட்டுக்கலாம்.

வாசல்ல நின்னவங்க, வெளிய எல்லாரும் ஓடுறதைப் பார்த்துட்டு அவங்களும் ஓட ஆரம்பிச்சாங்க. உள்ள இருந்தவங்களும் வந்துட்டாங்க. எனக்கு முன்னாடி ஒரு கூட்டம் ஓடுது, பின்னாடி தடதடன்னு ஒரு கூட்டம் வருது. இப்ப நான் என்ன நினைப்பேன்? கம்பெனியில எங்கயோ தீப்பிடிச்சிருச்சுன்னுதானே நினைப்பேன்!

ஒரு நிமிஷம் முடிஞ்சதுன்னு வாட்ச் கத்துச்சு. நான் காதுலயே வாங்கல. என் வாழ்க்கையில அப்படி ஓடுனதில்ல. ஆனாலும் எல்லாரும் என்னைத் தாண்டிப் போனாங்க. அம்பது வயசுக்கு மேல இருக்கிற ஒரு அக்கா, சேலைக்கு மேல சட்டை போட்டு, வெறுங்காலோட, கையில தூக்குச்சட்டியைச் சிந்தாம பிடிச்சிக்கிட்டு என்னைக் கடந்து போனாங்க. போற போக்குல "வெரசா வாங்க"ன்னு எனக்குத் தைரியம் வேற சொன்னாங்க.

பஸ் ஸ்டாப்ல எல்லாரும் நின்னு திரும்பிப் பார்த்தோம். புகையும் இல்ல, சத்தமும் இல்ல.

போர்மேன் தலையை எண்ணி முடிச்சிட்டு, எந்த ரூம்ல பிடிச்சுச்சுன்னு கேட்டாரு. யாருக்கும் தெரியல. மொதல்ல ஓடுனது யாருன்னாரு. பின்னாடி வந்தவங்க முன்னாடி ஓடுனவங்களைப் பார்த்தாங்க. முன்னாடி ஓடுனவங்க என்னைப் பார்த்தாங்க. நானும் எனக்குப் பின்னாடி திரும்பிப் பார்த்தேன். அங்க ஒருத்தரும் இல்ல.

"நீங்க எல்லாரும் ஓடுனீங்க, அதான் நானும்..."

"நாங்க உங்களப் பார்த்துல்ல ஓடுனோம்," அப்படின்னாங்க வேன்ல வந்த ஒரு அம்மா.

வேற வழியில்லாம உண்மையைச் சொன்னேன். உடம்புக்காக ஓடுறேன், மதுரைக்குப் போகணும்னேன். மதுரைக்குத்தான் பஸ் இருக்கேன்னாரு போர்மேன்.

நாலு பேரு சிரிச்சிட்டாங்க. ஆனா ஒரு பொண்ணு தரையில உக்காந்து அழுதுக்கிட்டிருந்துச்சு. அதைப் பார்த்ததும் எனக்கு சிரிப்பெல்லாம் போயி, வெக்கமா இருந்துச்சு. கிட்டப் போயி மன்னிச்சிரும்மான்னு சொன்னேன். அந்தத் தூக்குச்சட்டி அக்கா, பாக்கியம்னு பேரு, அந்தப் பொண்ணுக்குத் தண்ணி குடுத்தாங்க. அப்படியே பாட்டிலை என்கிட்டயும் நீட்டி, "குடிங்க, எங்க எல்லாரையும் விட உங்களுக்குத்தான் ரொம்ப மூச்சு இளைக்குது"ன்னாங்க.

சரி, மிச்சத்தை ஓடலாம்னு கிளம்புனேன். போர்மேன் கையைப் பிடிச்சிட்டாரு. "அண்ணாச்சி, இங்க இருந்து வரிசையா நாலு கம்பெனி இருக்கு. நீங்க ஓடிப் போனீகன்னா நாலும் காலியாயிரும். தயவுசெஞ்சு நடந்து போங்க."

நடந்தேன். கையையும் ரொம்ப வீசல.

சாயங்காலம் கோச் போன் பண்ணாரு. கடைசியில நடந்திருக்கீங்களேன்னு திட்டுவாருன்னு பார்த்தா, நடுவுல ஒரு கிலோமீட்டர் பிரமாதமா இருக்கே, எப்படி முடிஞ்சுச்சுன்னு கேட்டாரு. நடந்ததைச் சொன்னேன்.

"உங்களைத் தாண்டிப் போன அந்த அம்மாவுக்கு என்ன வயசுன்னீங்க?"

அம்பதுக்கு மேலன்னேன்.

"வெறுங்காலோடயா?"

தூக்குச்சட்டியோடயும்னேன்.

நாலாவது இடத்துக்கு அவங்களைக் கேட்டுப் பாருங்க, வர மாட்டேன்னு சொன்னா நீங்களே வாங்கன்னு சொல்லி போனை வச்சிட்டாரு. போயும் போயும் என்னையே தூது அனுப்புனாரு.

திங்கட்கிழமை வேலை விடுற நேரத்துக்கு அந்தக் கம்பெனி வாசலுக்குப் போனேன். நடந்துதான் போனேன். பாக்கியம் அக்காவைத் தனியாக் கூப்பிட்டு எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னேன். ஷூ வாங்கிக் குடுப்பாங்க, வேன்ல கூட்டிட்டுப் போவாங்க, ஓடி முடிச்சா கழுத்துல மெடல் போட்டு, டிபனும் குடுப்பாங்கன்னேன். மறுத்துட்டாங்கன்னா நல்லா இருக்கும்னு மனசுக்குள்ள ஒரு பக்கம் வேண்டிக்கிட்டும் இருந்தேன்.

அக்கா பொறுமையா கேட்டுக்கிட்டாங்க. வேன்ல ஏறி உக்காந்து, ஜன்னல் வழியா என்னைப் பார்த்துக் கேட்டாங்க.

"மதுரையில என்ன வெடிச்சுப்போச்சுன்னு நான் ஓடணும்?"