மடியில் இருந்த தொண்ணூற்றாறு குழிகள்

பதற்றக்காரனிடம் எதையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி கொடுக்கக்கூடாது. பார்த்துக்கொள்கிற வேலையை விட்டுவிட்டு அவன் பதறிக்கொண்டிருப்பான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான நானே இதற்குச் சாட்சி.

என் மகள் உமாவுக்குக் கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை. நோயோடு சண்டை போடுகிற வெள்ளணுக்களின் மேல் ரிசப்டர் என்று சில ஏற்பிகள் உண்டாம். அதில் ஒன்று எந்த அணுவில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, அந்த ரிசப்டரில் மட்டும் போய் ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடி வேண்டும். அதைச் சுரக்கும் ஒரே ஒரு செல்லைத் தனியாகப் பிரித்து, அதிலிருந்தே ஒரு கூட்டத்தை வளர்க்கிறாள். வேறு செல் வந்து கலந்தால் போச்சு.

அன்று நானும் என் மனைவி கோமதியும் வட்டக்கோட்டையில் காற்று வாங்கிவிட்டு, உமாவோடு வீடு திரும்பலாம் என்று அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தோம். போன நேரம், செல் வளர்க்கிற பெட்டி பழுது. நாகர்கோவிலில் அவளுடைய சிநேகிதியின் ஆய்வுக்கூடத்துக்குச் செல்களை உடனே கொண்டுபோக வேண்டும்.

உள்ளங்கை அகலத் தட்டு. அதில் குழி குழியாக. (எண்ணினேன். தொண்ணூற்றாறு.)

“எல்லாத்திலயும் செல் இருக்கா மக்கா?”

“இல்லப்பா. பாதிக்கு மேல காலி. நமக்கு வேண்டியது ஒரே குழியிலதான்.”

“அப்ப மத்ததை இங்கயே விட்டுரலாம்லா?”

“யப்பா, நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். சாயாம பிடிச்சாப் போதும்.”

வெந்நீர் பாட்டில்களுக்கு நடுவே தட்டை வைத்து, தெர்மாகோல் பெட்டியை மூடி, என் மடியில் ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தாள். நான் மூச்சைக்கூட எண்ணித்தான் விட்டேன். அரை பர்லாங்குக்கு முன்பே “பள்ளம், பள்ளம்” என்றேன்.

“ரோட்ட அவ பாத்துக்கிடுவா. நீங்க பெட்டியப் பாருங்க” என்றாள் பின்சீட்டிலிருந்து கோமதி.

சுசீந்திரம் வந்தது. கோபுரம் கண்ணில் பட்டால் கை தானாகக் கூடுவது என் ஆயுள் பழக்கம். கூடியது, இரண்டு கையும். தாணுமாலையா, ஒரு குழியும் சிந்தாமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கண்ணை வேறு மூடிக்கொண்டேன். முன்னால் போன பஸ் நின்றது. உமா பிரேக் போட்டாள். பெட்டி என் காலடியில் தலைகுப்புறக் கிடந்தது.

(கை அப்போதும் கூப்பியபடிதான் இருந்தது.)

உமா வண்டியை ஓரங்கட்டி, பெட்டியைத் திறந்து பார்த்தாள். தட்டின் மூடியெல்லாம் ஈரம். குழிக்குக் குழி கலந்துவிட்டது. மாதக்கணக்கான வேலை.

“என்னப்பா வேண்டினிய?”

“சிந்தப்பிடாதுன்னு.”

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

“எனக்காகத்தானே கும்பிட்டிய. விடுங்க. மிச்சம் கெடக்கதை வச்சு முதல்ல இருந்து பிரிச்சுப் பாக்கேன்.”

பிரித்தாள். வாரக்கணக்கில் நான் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. (என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.) ஒருநாள் மத்தியானம் போன் வந்தது.

“கிடைச்சிட்டுப்பா. நாங்க தேடுன ரிசப்டர்ல மட்டும் ஒட்டுது.”

“எத்தனை குழியில மக்கா?”

“ஒண்ணுதான். ஒண்ணு போதும்பா.”

இப்போதும் சுசீந்திரம் நெருங்கினால், “நீங்க கைய எடுக்காண்டாம், உங்களுக்கும் சேத்து நான் கும்பிடுதேன்” என்பாள் கோமதி. “எனக்கும் சேத்தும்மா” என்பாள், வண்டி ஓட்டுகிற உமா. நான் வெறும் மடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.