திரையில்லாப் பெட்டியும் திருவேங்கடத்துச் சம்பந்தமும்

மதிப்பிற்குரிய ஆவுடைநாயகம் அத்தான் அவர்களுக்கு,

பாவூர்சத்திரம் சங்கரநாராயணன் வணங்கி எழுதுவது. இங்கே தக்காளி விலையைத் தவிர மற்றெல்லாம் நலம். ஐந்தருவியில் சாரலும் உங்கள் சிப்ஸ் கடைக் கூட்டமும் குறையாதிருக்கட்டும். போன் போட்டால் அக்கா வாங்கிவிடுவாள் என்பதால் கடிதம்.

நீங்கள் சொல்லி அனுப்பிய திருவேங்கடத்துக்காரர்கள் ஞாயிறன்று அபர்ணாவைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் ஏதோ ஆஸ்பத்திரிக்கான மென்பொருளை வீட்டிலிருந்தே சோதித்துக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். அதற்கென்று கூடத்து மூலையில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது, திரை மட்டும் கிடையாது. அந்த மென்பொருளோ திரை இருந்தால்தான் ஜன்னல் திறப்பேன், இல்லையென்றால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவேன் என்று அடம்பிடிக்கிற ஜாதி. அதனால் இவள் இல்லாத திரையை இருப்பதாகக் காட்டி அதை ஏமாற்றி வைத்திருக்கிறாள். அதுவும் நம்பிக்கொண்டு, யார் கண்ணுக்கும் தெரியாமல் ஜன்னல் திறந்து, தானே பொத்தானை அமுக்கி, தானே மூடிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பாதி வாங்கிவிட்டு மீதிக்கு வழியில்லாத குடும்பம் என்று வந்தவர்கள் நினைத்தால்? அவள் உள்ளே சேலை கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கூடத்து டிவியை அதில் மாட்டி, பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போட்டேன்.

பையனின் அம்மா முருகம்மாள் மதினி கேசரியை வாயில் வைக்கும்போது டிவியில் ஜன்னல் திறந்தது அத்தான். ‘நோயாளி: விஜய்பாண்டி. நாய்க்கடி. சேர்க்கலாமா?’ அம்பு தானாக நகர்ந்து ‘வேண்டாம்’ என்பதை அமுக்கியது. அடுத்தது, ‘விஜய்பாண்டி. மூலம்.’ அதற்கும் வேண்டாம். மாப்பிள்ளைப் பையன் பெயர்தான் விஜய்பாண்டி.

“எம்பிள்ளைக்கு மூலம்னு ஒங்ககிட்ட யாரு சொன்னா?” என்று மதினி எழுந்தே விட்டார்.

“யப்பா, டிவிய ஏன் மாட்டுனிய? சோதனைக்கு ஒரு பேரு வேணும்லா, ஜாதகம் மேசையில கெடந்துச்சு” என்று அபர்ணா ஓடிவந்தாள். நான் ரிமோட்டைத் தேடுவதற்குள் பையனுக்குப் பேறுகாலம் வரை வந்துவிட்டது.

அவன் கோபப்பட்டாலாவது கௌரவமாக இருந்திருக்கும். டிவி பக்கத்தில் போய், “டிஸ்ப்ளே இல்லாம இத எப்படி ஓட்டுனீங்க? எங்க ஆபீஸ்ல இதுக்குத்தான் முட்டிக்கிட்டு கெடக்கோம்” என்கிறான்.

“பொய்யா ஒரு ஸ்க்ரீன் இருக்குன்னு சொன்னேன். அது நம்பிட்டு” என்றாள் இவள்.

இரண்டு பேரும் பெட்டியருகே தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். பெரியவர்கள் நாங்கள் கேசரித் தட்டோடு நின்றோம். கடைசியில் மதினி மகனைக் கையைப் பிடித்து இழுத்து வேனில் ஏற்றினார்.

ஆகவே அத்தான், வேறு இடம் பாருங்கள். ஜவுளிக்கடையோ ரைஸ்மில்லோ எதுவானாலும் சரி, கம்ப்யூட்டர் தொட்ட பையன் மட்டும் நம் வாசலை மிதிக்கக் கூடாது. இது என் முடிவான பேச்சு.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
சங்கரநாராயணன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது முருகம்மாள் மதினி போன். பையன் இந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் பார்க்க மாட்டேனென்று சாப்பிடாமல் கிடக்கிறானாம். உள்ளே போய் அபர்ணாவைக் கேட்டேன். இவள் முந்தாநாளே போனில் அவனிடம் சம்மதம் சொல்லிவிட்டாளாம். வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். அக்காவோடு முன்கூட்டியே வந்துவிடுங்கள். கம்ப்யூட்டர் மாப்பிள்ளைதான் வேண்டுமென்று நான் ஒற்றைக்காலில் நின்றதாக வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வரவும்.