தம் உண்டா சார்?

மூச்சு விடாத மனிதர் இல்லை. ஆனால் மூச்சு விடுவதையே தன் சொந்தச் சாதனையாக நினைத்துக்கொண்டு திரியும் ஓர் இனம் உண்டு. தம்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரியாதவர் அல்ல. காலியாக நிற்கும் லிஃப்டை ஏளனமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியில் ஏறுவார், ஏறிக்கொண்டே பேசுவார், பேச்சுக்கு நடுவே தன் வயதையும் சொல்லிவைப்பார், இரண்டாவது மாடித் திருப்பத்தில் மட்டும் நின்று, தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பை ஓர் எழுத்து விடாமல் வாசிப்பார். அது போன வருஷத்து அறிவிப்பு.

தொலைக்காட்சியில் எவனாவது தண்ணீருக்குள் குதித்தால் போதும், இவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அவன் மேலே வந்த பிறகுதான் இவர் விடுவார். அதைப் பாராட்ட வீட்டில் ஓர் ஆள் வேண்டுமே? என் அத்தான் வீட்டில் அந்த ஆள் என் அக்கா.

“பாத்தேன் பாத்தேன், விடுங்க,” என்பாள், தலையைத் தூக்காமலே.

அத்தானுக்குத் தீயணைப்பு நிலையத்தில் இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். தினம் காலையில் பத்து தடவை, மாலையில் பத்து தடவை தம் கட்டிப் பழகுவார். மணி அடித்தால் வண்டியில் முதலில் ஏறுகிறவர் அவர்தான். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு நுரையீரல் பரிசோதனை, தேறினால் வண்டி, தேறாவிட்டால் டெலிபோன் மேசை என்று உத்தரவு வந்தது. வேறு யாராவது என்றால் கலங்கியிருப்பார்கள். இவர் வேடிக்கை பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அறையில் ஒரு கம்ப்யூட்டர், அதோடு சேர்ந்த ஒரு குழாய், ஒரு படிவம், அதை நிரப்ப ஒரு பெண்.

“தம் உண்டா சார்?”

அவள் கேட்டது சிகரெட்டை. சிகரெட்டைத் தொட்டே அறியாத அத்தான் காதில் விழுந்தது தன் புகழ்.

“இருபத்தெட்டு வருஷமா.”

“ஒரு நாளைக்கு எத்தனை?”

“காலைல பத்து, சாயங்காலம் பத்து. சின்ன வயசுல கணக்கே கிடையாது.”

“நிறுத்தணும்னு தோணலையா?”

“எதுக்குங்க நிறுத்தணும்? என் உயிரே அதுலதானே இருக்கு.”

நான் குறுக்கே வாயெடுத்தேன். மூச்சு விடாதே என்று கண்ணாலேயே அதட்டினார். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

பிறகு அவர் மூக்குக்கு ஒரு க்ளிப் போட்டாள். முழுசாக இழுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் ஒரே வேகமாக ஊதச் சொன்னாள். என்ன ஊதினாலும் ஒரு லிட்டருக்கு மேல் காற்று எவருக்கும் உள்ளேயே தங்கிவிடுமாம். மற்றதை விட்டாக வேண்டும். அத்தான் இழுத்தார், பாதியை ஊதினார், மீதியைத் தம் கட்டிக்கொண்டு எங்களைப் பெருமையாகப் பார்த்தார்.

“ஊதுங்க, ஊதுங்க... ஏன் சார் நிறுத்திட்டீங்க?”

“இன்னும் உள்ள நிறைய இருக்கும்மா,” என்றார், க்ளிப் மாட்டிய மூக்கோடு. “அதைக் காட்ட வேணாமா?”

மூன்று தடவையும் இதே கூத்து. அந்த மெஷினோ விட்டதை அளக்குமே தவிர, கட்டி வைத்ததை அளக்காது. ஐந்து லிட்டர் விடக்கூடிய நெஞ்சுக்கு இரண்டு லிட்டர் சொச்சம் போட்டது. பக்கத்திலேயே, தினம் இருபது சிகரெட். போதாதா? மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

அக்காவுக்கு மனசு ஆறவில்லை. மணி அடித்தால் இந்த மனிதர் முகம் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும்.

“போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. ‘எனக்கு தம் இல்லைங்க’ன்னு. மறுபடி ஊதச் சொல்லுவாங்க.”

அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார், திரும்பி வந்தார்.

“வேற என்ன வேணா சொல்றேன். அத மட்டும் என் வாயால சொல்ல முடியாது.”

இப்போதும் மணி அடிக்கிறது, வண்டி கிளம்புகிறது. அத்தான் டெலிபோனைப் பிடித்தபடி ஜன்னல் வழியே பார்க்கிறார். வண்டி தெருமுனை திரும்பும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறாராம். போன வாரம் அதையும் பெருமையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கிடக்கட்டும். மேலே, தண்ணீருக்குள் குதித்தவனைப் பற்றிப் படித்தபோது நீங்களும் சத்தமில்லாமல் மூச்சைப் பிடித்துப் பார்த்தீர்களே, எத்தனை விநாடி வந்தது? இருக்கட்டும், சொல்ல வேண்டாம். கடைசிப் பத்தைக் கொஞ்சம் வேகமாகத்தான் எண்ணினீர்கள்.