ஷெர்லினின் குதிரை

ஷெர்லினின் குதிரைக்கு மாலை ஆறு மணி வரைதான் ஆயுள்.

ஷெர்லின் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. குதிரை கணினியில் இருந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் கல்லூரிப் பிள்ளைகள் இணையத்தில் குதிரை வளர்த்த விளையாட்டை இன்றோடு மூடுகிறார்கள். உரியவர் உள்ளே நுழைந்தால் தன் குதிரையை எடுத்துக்கொள்ளலாம். கடவுச்சொல் மறந்தவர்களுக்கு ஒரே கேள்வி, ஆறு வாய்ப்பு.

‘உங்கள் மனதைக் கவர்ந்தவர் பெயர்?’

ராஜ்கமல் சிரித்துக்கொண்டான். புருஷனுக்கு இது ஒரு கேள்வியா? தன் பெயரை அடித்துப் பொத்தானைத் தட்டினான். போடி ஏலக்காய் ஏலத்தில் ஒரு வியாபாரிக்காக விலை கேட்பவன் அவன். அங்கே பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் விலை ஒரு ரூபாய் ஏறும். விடாமல் தட்டுபவனுக்குத்தான் சரக்கு. பழக்கத்தில் விரல் நான்கு முறை தட்டிவிட்டது.

தவறு. தவறு. தவறு. தவறு.

மாமியார் ஜெயபாக்கியம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன மாப்ளே, ஏலம் படியலையா?”

“ஷெர்லின் மனசுல யாருன்னு கேக்குது அத்தை. நான் இல்லங்குது.”

“இயேசப்பாதான் இருப்பாரு. போடுங்க.”

போட்டான். இயேசுவும் இல்லை.

மருமகன் இல்லாததை ஜெயபாக்கியம் தாங்கிக்கொண்டாள். இதைத் தாங்க முடியவில்லை. மகன் ஜோசப்பைக் கூப்பிட்டாள்.

“காலேஜ்ல விஜயபாண்டின்னு ஒருத்தர் அக்காவுக்கு நோட்டு எழுதிக் குடுப்பாரு,” என்றான் ஜோசப். “இப்ப மலையில எஸ்டேட் சூப்பர்வைசர். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க மச்சான்.”

அடுத்த ஜீப்பில் ராஜ்கமல் மலையேறினான்.

ஏலக்காய் உலர்த்தும் கொட்டகை வாசலில் விஜயபாண்டி இருந்தான். அவன் மனைவி அருணா காபி கொடுத்தாள்.

“எபினேசர் அண்ணன் பிரவுசிங் சென்டர்ல என் பக்கத்துல உக்காந்து குதிரைக்கு வைக்கோல் போடுவா,” என்றான் ராஜ்கமல். “அதுக்குக் காய்ச்சல்னா அழுவா.”

காலையில் மாமியாரிடம் சொன்னபோது ஷெர்லின் பக்கத்தில் உட்கார மட்டும்தான் செய்தாள். ஜீப்பு டிரைவரிடம் சொன்னபோது வைக்கோல் போட்டாள். அழுகை மலையில் சேர்ந்தது. குதிரையைவிட நினைவுதான் நன்றாகக் கொழுத்திருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் விஜயபாண்டி தலைமுடியைக் கோதிக்கொண்டான்.

“அந்தப் பிள்ளை மனசுல நானா? இருக்கலாம். போட்டுத்தான் பாருங்களேன்.”

“நல்லாப் போடட்டும்,” என்றாள் அருணா. “நான் சிலமலைக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போறேன். இனி காபிய அந்தக் குதிரை போட்டுக் குடுக்கும்.”

இறங்கிய ஜீப்பில் அவளும் ஒரு பையுடன் உட்கார்ந்திருந்தாள். போடியில் பஸ்சில் ஏறும்போது திரும்பினாள்.

“ஒரு குடும்பத்தக் கலைச்சாச்சு அண்ணே. வேற யாரு வீட்டுக்கும் போயிராதீங்க.”

மணி ஐந்தரை. ஒரு வாய்ப்பு மிச்சம். விஜயபாண்டியின் பெயரை அடிக்க விரல் வரவில்லை. காலையில் நான்கு முறை தட்டிய அதே விரல்.

குதிரையின் படத்தையாவது அச்செடுத்து வைப்போம் என்று எபினேசர் கடைக்குப் போனான். பிரவுசிங் சென்டர் இப்போது ஜெராக்ஸ் கடை. எபினேசர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். குதிரைப் படத்தின் கீழே ‘வளர்ப்பவர்: ஷெர்லின்’ என்றிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தது, வைக்கோல், அழுகை, விஜயபாண்டி என்று ராஜ்கமல் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார்.

“அந்தப் பிள்ளை என் கடைப் படியே ஏறுனதில்லையேப்பா,” என்றார். “பொம்பளைப் பேருன்னா கண்டவனும் ஓசில வைக்கோல் அனுப்புவான்னு, உங்கிட்ட அப்பப் பேசக்கூடச் செய்யாத பிள்ளை பேருல குதிரை வளத்தது நீதான; உன் மனசுல அந்தப் பிள்ளைய விட்டா வேற யாரு இருந்தா? அதே பேரத் திருப்பி அடி, வெரசா.”