மூச்சில்லாத முதல் அத்தியாயம்

“கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“எப்படி இருக்கு?”

பரிசோதகர் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பொத்தான் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிபவர் அவர். துளைகளுள் ஒன்று மயிரிழை விலகியிருந்தாலும் அந்தப் பொத்தானை எடுத்துத் தனிக்கூடையில் எறிவது அவருடைய தொழில். எந்தப் பொருளையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. குறை இல்லை என்று வேண்டுமானால் சொல்வார்; அதையும் எளிதில் சொல்லமாட்டார்.

“சத்தம் கொழகொழன்னு இருக்கு” என்றார்.

மனைவியின் முகம் வாடியது. “கொழகொழன்னு இருக்கறது என் குரலா, உங்க ஃபோனா?”

“அதான் தெரியல.”

அது தெரிந்தாகவேண்டிய விஷயம். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த வாயிலில் நிற்கிறது என்று பல ஆண்டுகள் அறிவித்தவள் அவள். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனபோது அவளுடைய நாற்காலிக்கு முன்னால் ஒரு சிறிய இயந்திரம் உட்கார்ந்திருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் வாசலைத் தாண்டியபோது, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று அந்த இயந்திரமே அவளை வழியனுப்பி வைத்தது.

இப்போது, புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து விற்கும் நிறுவனம் ஒன்று அவளுக்கு ஒரு வாய்ப்புத் தந்திருந்தது. ஒரு துப்பறியும் நாவலின் முதல் அத்தியாயத்தை அவள் படித்து அனுப்பவேண்டும். அதே அத்தியாயத்தை ஓர் இயந்திரக் குரலும் படிக்கும். எது எவருடையது என்று அறியாமல் முதலாளி இரண்டையும் கேட்பார். அவருக்கு எது மனிதக் குரலாகவும் நல்ல குரலாகவும் படுகிறதோ அதற்கு வேலை.

“இன்னொரு தடவை மெஷின்கிட்ட தோத்தேன்னா, அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்” என்றாள் மனைவி.

“அப்பா, அவசரப்பட்டு உதவி செஞ்சுடாதீங்க” என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

இருவரும் அவளை முறைத்தார்கள். அவள் மடிக்கணினிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பரிசோதகர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். அங்கே ஹெட்ஃபோன் கடைக்காரர் தீப்பெட்டியை விடச் சற்றே பெரிய ஓர் உலோகப் பெட்டியை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

“ஃபோனுக்குள்ள இருக்கறது வெறும் நம்பருங்க சார். அதைச் சத்தமா மாத்தணும், மாத்தினதைப் பெருக்கணும். ரெண்டையும் உங்க ஃபோன் ஏனோதானோன்னு செய்யுது. இதை ஃபோனுக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவுல செருகிட்டீங்கன்னா, ரெண்டு வேலையையும் இது பொறுப்பா பாத்துக்கும். பாட்டு கேக்கத்தானே?”

“இல்ல, பொண்டாட்டி குரலைக் கேக்க.”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “வழக்கமா அது கேக்காம இருக்கத்தான் சார் எங்க கடைக்கு வருவாங்க.”

“துல்லியமா கேக்குமா?”

“ஒளிஞ்சுகிட்டிருக்கறதெல்லாம் வெளிய வந்துரும் சார். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது.”

பரிசோதகர் வீடு திரும்பியதும் பெட்டியைக் கைபேசியில் செருகி, பெட்டியில் ஹெட்ஃபோனைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டார். பதிவு ஓடத் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொழகொழப்பு போன இடம் தெரியவில்லை. மனைவி எதிரே அமர்ந்து தமக்காக மட்டும் படிப்பதுபோல் இருந்தது. இவ்வளவு அருகில் அவள் குரலை அவர் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் பணியின் நடுவே நெகிழ்ந்து போவது அவருக்கு வழக்கமில்லை.

“உன் குரல்ல குறை இல்ல” என்றார்.

மணவாழ்க்கையில் அவள் பெற்ற பாராட்டுகளுள் இதுவே தலையாயது. அதை அவள் அனுபவித்து முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிட்டது.

“ஆனா மூச்சு கேக்குது.”

“யாரோட மூச்சு?”

“உன்னோடதுதான். ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் உஸ்ஸுன்னு இழுக்கற.”

“இழுக்காம எப்படிங்க படிக்கறது?”

“மெஷின் இழுக்காதே.”

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அவள் தன் கைபேசியையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். பீரோவுக்கும் சுவருக்கும் இடையே போர்வைகளைத் தொங்கவிட்டு அவள் அமைத்திருந்த கூடாரமே பதிவுக்கூடம். பதிவு செய்ய அவளுடைய கைபேசி வேண்டியிருந்ததால் நிறுவனத்துக்குக் கணவரின் எண்ணைத்தான் கொடுத்திருந்தாள்.

இரண்டாவது பதிவில் ஒவ்வொரு பத்திக்கும் ஒரே ஒரு மூச்சுதான். பத்தியின் தொடக்கத்தில் கம்பீரமாகப் புறப்பட்ட குரல் முடிவில் நீருக்குள் மூழ்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நீண்ட சீறல் ஒன்று கேட்டது.

“குக்கர் வெச்சிருந்தியா?”

“அது நான்தான்.”

மூன்றாவது பதிவில் அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு வாங்கினாள். மூச்சு கேட்கவில்லை. வேறொன்று கேட்டது.

“யாரோ நாற்காலியை நகர்த்தறாங்க.”

“என் வயிறுங்க அது. காலையில இருந்து பட்டினி.”

“சாப்பிட்டுட்டு படிக்கறதுதானே?”

சாப்பிட்டுவிட்டுப் படித்தாள். துப்பறிவாளன் பூட்டிய அறையின் கதவை மெல்லத் திறந்து, தரையில் கிடக்கும் உடலைப் பார்த்துத் திகைத்து நிற்கும் இடத்தில், பரிசோதகர் பதிவை நிறுத்தினார்.

“பொணம் கெடக்கற ரூம்ல யாரு ஏப்பம் விட்டது?”

மனைவி கூடாரத்திலிருந்து வெளியே வந்தாள். அவளுடைய தலைமுடியில் போர்வை நூல் ஒட்டியிருந்தது.

“நான் மூச்சு விடக் கூடாது. சாப்பிடக் கூடாது. சாப்பிடாமலும் இருக்கக் கூடாது. மிச்சம் என்ன இருக்குன்னு சொல்லுங்க, அதையும் விட்டுடறேன்.”

“எச்சில் முழுங்கறதைக் கொஞ்சம்...”

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அன்று அவர் எடுத்த முடிவுகளுள் குறை சொல்ல முடியாதது அது ஒன்றுதான்.

அடுத்த பதிவு ஏறக்குறையச் சரியாக இருந்தது. ஏறக்குறைய என்பது பொத்தான் தொழிற்சாலையில் இல்லாத சொல். பெட்டியின் விளிம்பில் இருந்த சிறு விசையை அவர் மேல்நிலைக்குத் தள்ளினார். ஒலி பல மடங்கு பெருகியது. அதனுடன் ‘டிர்ர்... டிக்டிக் டிர்ர்’ என்று ஓர் ஓசையும் வந்தது.

“ஏதோ பூச்சி கத்துது.”

“எனக்குக் கேக்கலையே” என்றாள் வெறுங்காதால் கேட்ட மனைவி.

“உனக்குக் கேக்காது. என்கிட்ட பெட்டி இருக்கு.”

ஐயம் முதலில் குளிர்பதனப் பெட்டியின்மேல் விழுந்தது. அதன் இணைப்பைப் பிடுங்கினார். பிறகு மின்விசிறி, துணி துவைக்கும் இயந்திரம், சுவர்க் கடிகாரம் என்று வீட்டில் ஓசையெழுப்பக்கூடிய பொருள்கள் அனைத்தும் வரிசையாக வாயடைக்கப்பட்டன. ஒவ்வொன்றாக அடங்க அடங்க மனைவி மீண்டும் மீண்டும் படித்தாள். பூச்சி மட்டும் அடங்கவில்லை. நடுப்பகலுக்குப் பிறகு குளிர்பதனப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு நீரோடை கிளம்பிச் சமையலறையைக் கடந்து கூடத்தை எட்டியது. அதில் கால்வைத்த பரிசோதகர் சோபாவரை நிற்காமல் பயணம் செய்தார். ஹெட்ஃபோன் தலையிலேயே இருந்தது.

மகள் ஒரு துணியை எடுத்து வந்து தண்ணீர்மேல் போட்டாள்.

“அப்பா, அது பூச்சி இல்ல. உங்க ஃபோனோட சிக்னல். பெட்டியும் ஃபோனும் ஒட்டிக்கிட்டு கெடக்கறதால வர்ற இரைச்சல். ஃபிளைட் மோடுல போடுங்க, போயிடும்.”

போட்டார். போய்விட்டது.

“அப்படின்னா அது என் பதிவுலயே இல்லையா?” என்றாள் மனைவி. குரலில் ஒரு கரகரப்பு ஏறியிருந்தது. “இல்லாத பூச்சிக்காகவா நான் இவ்வளவு நேரம் கத்தினேன்?”

பரிசோதகர் மகளிடம் திரும்பினார். “இதை முதல்லயே சொல்லக் கூடாதா?”

“சொன்னேன். நீங்க காதுல அதை மாட்டிக்கிட்டு இருந்தீங்க.”

பூச்சி ஒழிந்த அமைதியில் அவர் எல்லாப் பதிவுகளையும் மீண்டும் கேட்டார். பெட்டி கைபேசியின் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. கைபேசியில் இருந்த ஒரே துளையையும் அது அடைத்திருந்ததால் மின்னேற்றவும் வழியில்லை. திரை அணையப்போகும் தருவாயில் மகள் பெட்டியைப் பிடுங்கிவிட்டு மின்னேற்றியைச் செருகி, ஃபிளைட் மோடை அணைத்தாள்.

உடனே தவறிய அழைப்புகளின் அறிவிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அவற்றுள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண்ணின் குரற்செய்தியும் இருந்தது.

“அக்கா, மத்தியானத்துல இருந்து கூப்பிடறேன். முதலாளி நாளைக்கு ஊருக்குப் போறாராம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பதிவு வந்தாகணும். மெஷினோடது வந்தாச்சு. உங்களோடது வரலேன்னா அதுக்கே குடுத்துடுவாங்க அக்கா.”

சன்னலுக்கு வெளியே மாலை தொடங்கியிருந்தது. மனைவி புத்தகத்தை எடுத்தாள். வாயைத் திறந்தாள். காற்று வந்தது, குரல் வரவில்லை. அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“முதல்ல படிச்சதையே அனுப்பிடுங்க” என்று கிசுகிசுத்தாள். “அப்பதான் நல்லா படிச்சேன்.”

“மூச்சோடவா?”

“மூச்சோடதான்.”

“குறை தெரிஞ்சே அனுப்பச் சொல்றியா?”

அவள் கண்கள் கலங்கியிருந்தன. “ஏங்க, நான் உயிரோட இருக்கறதே உங்களுக்குக் குறையா படுதா?”

நியாயமான கேள்வி. பரிசோதகருக்கும் நெஞ்சு உறுத்தியது. பேருந்து நிலையத்திலிருந்து கைப்பையோடு அவள் திரும்பி வந்த நாளில் சாப்பாட்டு மேசையில் நிலவிய அமைதியை அவர் மறக்கவில்லை. அப்படியொரு அமைதி இந்த வீட்டில் இன்னொரு முறை வரக்கூடாது என்று அவர் உண்மையாகவே விரும்பினார். விருப்பத்தை நிறைவேற்ற அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். குறையை எடுத்துவிடுவது.

மகளின் மடிக்கணினியை இழுத்து அதில் பெட்டியைச் செருகினார். முதல் பதிவைத் திறந்து, மூச்சு வரும் இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வெட்டினார். எச்சில் விழுங்கும் ஓசையை வெட்டினார். பக்கம் புரளும் ஓசையை வெட்டினார். ‘அவள் மூச்சிரைக்க மாடிப்படிகளில் ஓடினாள்’ என்று எழுதியிருந்த இடத்தில் மனைவி உண்மையாகவே மூச்சிரைத்திருந்தாள். அதையும் வெட்டினார்.

“அப்பா, அங்க மூச்சிரைக்கணும்” என்றாள் மகள்.

“மூச்சிரைக்கறான்னு வார்த்தையிலயே இருக்கே. அப்புறம் எதுக்கு ரெண்டு தடவை?”

வெட்டி முடித்தபோது அத்தியாயம் துவைத்த கம்பளிபோல் சுருங்கியிருந்தது. மனைவி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சிறிது நேரம் கேட்டாள்.

“யாரு இது?”

“நீதான்.”

“நான் செத்துப்போன அப்புறம் படிச்ச மாதிரி இருக்குங்க.”

“குறை இல்ல” என்றார் பரிசோதகர். குரலில் பெருமிதம் தெரிந்தது.

மூவரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அந்தப் பதிவு அனுப்பப்பட்டது. உடனே அவர் வெட்டப்படாத மூலத்தையும் மற்றப் பதிவுகளையும் இரு கைபேசிகளிலிருந்தும் மடிக்கணினியிலிருந்தும் அழித்தார். குறையுள்ள சரக்கைக் கையிருப்பில் வைத்திருப்பது அவருடைய தொழில்முறைக்கு ஒவ்வாதது.

மறுநாள் காலை அவர் தொழிற்சாலைக்குப் போகவில்லை. மனைவி வெந்நீர்க் குவளையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரும் எதுவும் பேசவில்லை. ‘அந்த அமைதி வந்தேவிட்டதோ’ என்று பரிசோதகருக்குத் தோன்றியது. ஓடாத சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அதை மகள் பார்க்கிறாளா என்று பார்த்தார்.

கைபேசி ஒலித்தது. மகள் பாய்ந்து எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“அக்கா!” நிறுவனத்துப் பெண்ணின் குரல் துள்ளியது. “வேலை உங்களுக்குத்தான்! முதலாளி ரெண்டையும் கேட்டாரு. ‘இந்தம்மா படிச்சா கதையே கண்ணு முன்னாடி நடக்குது, அந்த மெஷினை இன்னியோட நிறுத்துங்க’ன்னுட்டாரு. இனிமே எல்லாப் புத்தகமும் நீங்கதான்.”

மனைவி குவளையை வைத்துவிட்டுக் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பரிசோதகர் மறுகையால் மேசைமேல் இருந்த சிறு பெட்டியை மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

“பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல, ஒரு குறை இருக்கக் கூடாதுன்னு.”

“அம்மா, எனக்கே அழுகையா வருது” என்றாள் மகள்.

“அக்கா, பக்கத்துல யாரும் இல்லையே?” அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். “முதலாளி உங்களோடதுன்னு நெனச்சுக் கொண்டாடினது மெஷின் படிச்சதை, மூச்சே விடலைன்னு தூக்கிப் போட்டதுதான் உங்களோடது, நான் அவர்கிட்ட எதையும் சொல்லல, அந்த மெஷினோட பதிவை இப்ப அனுப்பறேன், அதைக் கேட்டு அது மாதிரி மூச்சு விடப் பழகிக்குங்க.”