சிங்கத்தின் வாய் பற்றி மைத்துனனுக்கு

அன்புள்ள மைத்துனனுக்கு அத்தான் எழுதிக்கொள்வது. நீ சுகமாகத்தான் இருப்பாய்; ஊராருக்கெல்லாம் யோசனை சொல்லிவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவனுக்கு என்ன குறைச்சல்? இங்கே நான் சுகமில்லை.

நீ சிபாரிசு செய்து அனுப்பினாயே ஒரு கொத்தனார், அந்த மகானுபாவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் கேட்டது ஒரே ஒரு காரியம். குழந்தைக்கு இருமல், நாங்கள் தங்கும் அறைச் சுவரில் ஈரம் போனால்தான் தூக்கிக்கொண்டு வருவேன் என்றாள் என் மகள். அதனால் வெளிச்சுவரின் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, ஈரம் இறங்காதபடி பூசச் சொன்னேன். பூசினார், இல்லையென்று சொல்லவில்லை. பூசிவிட்டுச் சும்மா இருந்தாரா? ஜன்னலைச் சுற்றிக் கொடி, கொடியில் திராட்சைக்குலை, அதைக் கொத்த ஒரு கிளி, கிளிக்கு வாத்து மூக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, மொட்டைமாடிக் குழாய் துருத்திக்கொண்டிருந்த இடத்தில் ஒரு சிங்கமுகம்! வாயை ஆவென்று பிளந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. தெருவில் போகிறவன் சிங்கத்தைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், மறுபடியும் சிங்கத்தைப் பார்க்கிறான். எனக்கு வந்ததே கோபம்! "அந்த வாயை மூடுய்யா" என்றேன். "ஐயா, அந்த வாய் எதுக்குன்னா..." என்று இழுத்தார். "எனக்கே பாடமா? மூடுன்னா மூடு!" மூடினார்.

முந்தாநாள் மழை. முன்பெல்லாம் வேர்த்துக்கொண்டிருந்த சுவர் இப்போது அழுகிறது. "நான் வரலைப்பா" என்று மகள் போனை வைத்துவிட்டாள். தொட்டிலைத் துடைச்சு வச்சுட்டுப் பத்து நாளா உட்கார்ந்திருக்கேன்டா, பேரனை இன்னும் கண்ணால பார்க்கலை. இதெல்லாம் யாரால? கரண்டி பிடிக்கத் தெரியாத ஆளைப் பெரிய கலைஞன்னு அனுப்பி வச்ச உன்னால! ஞாயிற்றுக்கிழமை அவரைக் கையோடு கூட்டி வா. உளியும் சுத்தியலும் கொண்டுவரச் சொல். சிங்கத்தைப் பெயர்த்து அவர் தலையிலேயே ஏற்றி அனுப்புகிறேன்.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள். உன் பங்கை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: ஒட்டுவதற்குள் உன் அக்கா இதை வாங்கிப் படித்துவிட்டாள். ஏணியைச் சாத்தி, "ஏறுங்க" என்றாள். ஸ்க்ரூடிரைவரால் சிங்கத்தின் வாயைக் குத்தினேன். மாடியில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் என் தலையில் இறங்கியது. "சிங்கத்து வாயை மூடச் சொன்ன நேரத்துல உங்க வாயை மூடியிருக்கலாம்" என்றாள். சுவர் காய ஆரம்பித்துவிட்டது, மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "அப்படியே அனுப்புங்க, அவனும் படிக்கட்டும்" என்று உத்தரவு. நீயும் வா, கொத்தனாரையும் கூட்டி வா. உளி வேண்டாம். வாயை மூடச் சொன்னது யாரென்று மகளிடம் மட்டும் அவர் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்.