சுந்தரி பல் பதித்த பி.எஸ்ஸி.

குடும்பத்திலேயே முதன்முதலாகப் படித்தவன் இருக்கும் வீட்டில் லேமினேட் ஆகாத காகிதத்தைப் பார்ப்பது அரிது. எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு மின்னும். மார்க் ஷீட் மின்னும். மூன்றாம் வகுப்பில் சாக்கு ஓட்டத்தில் நான் வாங்கிய மூன்றாம் பரிசுச் சான்றிதழும் மின்னும் (ஓடியவர்கள் மொத்தம் மூன்று பேர்). எங்கள் தெரு பெருங்களத்தூரில் ரயில் பாதையை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. ஐப்பசியில் வானம் கறுத்தால் அம்மா முதலில் பரண்மேல் ஏற்றுவது டிவியை அல்ல, சர்டிஃபிகேட் பையைத்தான்.

ஆகவே என் பி.எஸ்ஸி. விலங்கியல் பட்டம் கைக்கு வந்த அன்றே அம்மா அதை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போனாள். கடைக்காரர் தயங்கினார்.

"அக்கா, ஒரிஜினல லேமினேட் பண்ணக் கூடாது. ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க."

"தண்ணி வந்தா உன் ஆபீஸ்காரனா வந்து காய வெப்பான்? போடுப்பா. நல்லா கனமா போடு."

அவர் கடையில் இருந்ததிலேயே தடித்த உறையில் போட்டுக் கொடுத்தார். அதில் இட்லி வைத்துச் சாப்பிடலாம். பிடித்து ஆட்டினால் தகரம்போல 'வொப் வொப்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளாமல் விட்டேன்.

அந்தப் பட்டத்தை நம்பி எனக்கு ஒரு வேலை கிடைத்தது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில், குன்றடியில், மீட்கப்பட்ட விலங்குகளுக்கு ஒரு காப்பகம். சர்க்கஸிலிருந்தும் பணக்காரர் பங்களாக்களிலிருந்தும் வந்து சேர்ந்த ஆறு சிம்பன்சிகள் அங்கே இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா அக்காவுக்கு நான் உதவியாளன். மூன்று மாதம் சோதனைக் காலம். அதற்குள் காப்பகத்தை நடத்தும் கால்நடை டாக்டர் திருப்தி அடைந்தால் வேலை நிரந்தரம்.

ஸ்டெல்லா அக்கா அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். முதல் நாளே கம்பிவலைக்கு முன்னால் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைக் காட்டினார்.

"அவங்க கை எவ்ளோ நீளம்னு அளந்து போட்ட கோடு இது. இதைத் தாண்டினா, தாண்டினது உன்னுது இல்ல. மூக்கா இருந்தாலும் சரி, மொபைலா இருந்தாலும் சரி."

நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். அந்த மூன்று மாதமும் நான் கண்டதையெல்லாம் எழுதினேன். எழுதாமல் எப்படி இருப்பது? காலையில் கதவு திறந்ததும் தலைவன் ராஜா முதலில் வெளியே வருவான். மற்றவர்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் குனிந்து, மூச்சை இழுத்து விட்டு, 'ஹூ ஹூ ஹூ' என்று முனகி வணக்கம் வைப்பார்கள். பிறகு இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் ரோமத்தை ஒருவர் விலக்கிச் சுத்தம் செய்வார்கள். யார் யாருக்கு முதுகு பார்க்கிறார்கள் என்பதுதான் அங்கே அன்றைய தினசரி. அதைப் படித்துவிட்டால் யாருக்கும் யாருக்கும் மனத்தாங்கல், யார் சமாதானமாகிவிட்டார்கள் என்று எல்லாம் தெரிந்துவிடும்.

அந்த வீட்டின் பெரிய மனுஷி சுந்தரி. ஒரு காது பாதிதான் இருக்கும். சர்க்கஸில் சைக்கிள் ஓட்டியவளாம். அடிபட்டவர்கள், பயந்தவர்கள், பங்கு கிடைக்காதவர்கள் எல்லோரும் அவள் பக்கத்தில் போய் ஒண்டிக்கொள்வார்கள். கடைசிப் படியில் இருந்தவன் முத்து. மீசை முளைக்கும் பருவம். அவனுக்கு யாரும் வணக்கம் வைப்பதில்லை. அவனும் நானும் ஒரே கிரேடு.

சுந்தரி தன் முதுகை வலையில் சாய்த்து, ஸ்டெல்லா அக்காவிடம் மட்டும் பிரஷ்ஷால் சொறியச் சொல்வாள். என்னைக் கண்டால், கல்யாண வீட்டில் எதிர்ப்பட்ட பகைப் பங்காளியைப் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மூன்று மாதமும் இதே கதிதான்.

சோதனைக் காலத்தின் கடைசி நாள் வந்தது. "பதினோரு மணிக்கு ஒரிஜினல் சர்டிஃபிகேட்டோட வாங்க தம்பி" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அதை மஞ்சப்பையில் போட்டு, பையை என் கழுத்தில் மாட்டாத குறையாக அனுப்பினாள். நான் புதுச் சட்டை போட்டிருந்தேன்.

பத்தரை மணிக்கு ஸ்டெல்லா அக்கா பூசணி வெட்டப் போனார். எனக்குச் செய்ய வேலை இல்லை. முட்டாள்தனத்துக்கு அது போதும்.

கீழ்க்கட்டளையில் எனக்கு ஓர் அத்தை இருக்கிறாள், அப்பாவின் தங்கை. ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போனதற்காக நான்கு வருஷமாக அப்பாவோடு பேச்சு கிடையாது. ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் தவறாமல் பேசுவாள். எனக்கு வேலை கிடைத்த அன்று அவள் போட்டது: "கொரங்கு மேய்க்கவா காலேஜ் படிச்சான்?" கொத்தனார் மேஸ்திரியான என் அப்பா அதை என்னைவிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார்.

அதற்குப் பதிலாக இன்று ஒரு படம் அனுப்புவது என்று முடிவு செய்தேன். ஒரு கையில் பட்டம், நடுவில் நான், பின்னால் கம்பீரமாகச் சுந்தரி.

படத்தில் சுந்தரி கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரிந்தாள். வலைக்கு முதுகைக் காட்டியபடியே ஓர் அடி பின்னால் போனேன். அவரைக்காய் அளவுக்கு வளர்ந்தாள். இன்னோர் அடி. நன்றாகப் பல் தெரியச் சிரித்தேன்.

சாப்பாட்டுத் தட்டு நுழைக்க வலையில் ஒரு நீளமான இடைவெளி உண்டு. அதற்குள்ளிருந்து ஒரு கறுப்புக் கை வந்தது. ஏ.டி.எம்.மில் கார்டு நுழைவதுபோல என் பி.எஸ்ஸி. வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. கை முத்துவுடையது.

"ஐயோ!" என்று நான் போட்ட கூச்சலில் ஸ்டெல்லா அக்கா பாதிப் பூசணிக்காயோடு ஓடிவந்தார்.

"என்னடா ஆச்சு? கை இருக்கா?"

"கை இருக்குக்கா. டிகிரி போச்சு."

"எது?"

"பி.எஸ்ஸி.க்கா. ஒரிஜினல்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மஞ்சள் கோடு எனக்கு முன்னால் இருந்தது.

உள்ளே முத்து காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான். முகர்ந்தான். ஆட்டினான். 'வொப்.' அவனே திடுக்கிட்டான். மறுபடி ஆட்டினான். 'வொப் வொப் வொப்.' மேடையில் படுத்திருந்த இரண்டு பெண்கள் அலறிக்கொண்டு மரத்தில் ஏறினார்கள். முத்துவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ரோமம் சிலிர்க்க இரண்டு காலில் நின்று, என் பட்டத்தைத் தரையில் அடித்துக்கொண்டு ஒரு சுற்று ஓடினான். இரண்டாவது சுற்றில், எங்கிருந்தோ வந்த ஒரு வயதான ஆண் அவன் முன்னால் குனிந்து 'ஹூ ஹூ' என்றான்.

அந்தப் பட்டத்தைக் காட்டி நான் ஒன்பது இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறேன். ஒருவரும் எனக்கு நாற்காலிகூடப் போடவில்லை. முத்துவுக்கு இரண்டு நிமிடத்தில் பதவி உயர்வு.

"போச்சு. ராஜா எழுந்துட்டான்" என்றார் ஸ்டெல்லா அக்கா மெல்லிய குரலில்.

ராஜா வந்த வேகத்தில் முத்து பல்லெல்லாம் தெரியக் கிறீச்சிட்டான். சிம்பன்சி அப்படிப் பல்லைக் காட்டினால் சிரிப்பு இல்லை, பயம். இது என் நோட்டிலேயே இருக்கிறது. (செல்ஃபியில் என் முகமும் அச்சு அசல் அதுதான் என்று பிறகு தெரிந்தது.) ஆனாலும் காகிதத்தை அவன் விடவில்லை. இரண்டு ஆண்கள் நடுவில் என் எதிர்காலம் வளைந்து நின்றது.

அப்போது சுந்தரி எழுந்தாள். அவசரமே இல்லை. நடந்துவந்து இருவருக்கும் இடையில் உட்கார்ந்தாள். முத்துவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். காகிதத்தை எடுத்தாள். தன் அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். வழக்கு முடிந்தது.

பிறகு முத்து நடுங்கிக்கொண்டே ராஜாவிடம் போய் உள்ளங்கை மேலே தெரியக் கை நீட்டினான். ராஜா வேறு எங்கோ பார்த்தான். கை நீண்டபடியே இருந்தது. கடைசியில் ராஜா அந்தக் கையைத் தொட்டான், இழுத்துக் கட்டிக்கொண்டான், அவன் தோள் ரோமத்தை விலக்கிப் பார்க்க ஆரம்பித்தான். சண்டை தொடங்கிச் சமாதானமாக மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. எங்கள் வீட்டில் ஒரு பத்திரிகைக்கு நான்கு வருஷம்.

"அழுறியா?" என்றார் அக்கா.

"டிகிரிக்குத்தான்கா" என்றேன். அது பொய்.

அந்த நெகிழ்ச்சி 'கறக்' என்ற சத்தத்தோடு முடிந்தது. சுந்தரி காகிதத்தை வெளியே எடுத்து ஒரு மூலையைக் கடித்துவிட்டாள். உள்ளே போன பொருளைத் திருப்பித் தந்தால் ஒரு பேரீச்சம்பழம் என்பது அங்கே பழக்கம். அக்கா பழத்தை நீட்டினார். சுந்தரி வந்து, அந்த மூலைத் துண்டை மட்டும் கொடுத்துவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டாள். போய் உட்கார்ந்து அடுத்த மூலையைக் கடித்தாள். இந்த முறை மென்று சக்கையாகக் கொடுத்தாள். அதற்கும் ஒரு பழம். அடுத்து நடுவில் பல்லை அழுத்திப் பார்த்தாள்; கிழியவில்லை.

"இவ இப்படித்தான். என் போன் கவரைப் பதினோரு துண்டாக் குடுத்தா. பதினோரு பழம்" என்றார் அக்கா. "போதும், பழத்தை நிறுத்து. நீ கோட்டுக்கு இந்தப் பக்கம் உக்காரு. டிகிரியைப் பாக்காத. உன் சட்டையில பேன் பாரு."

"சட்டையில பேனாக்கா?"

"பாக்குற மாதிரி பண்ணு. உதட்டால சத்தம் குடு."

புதுச் சட்டையின் கையை விலக்கி விலக்கி, 'ப்ச், ப்ச், ப்ச்' என்று நான் பேன் பார்த்தேன். வெட்கம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. அதுதான் ஆபத்தான கட்டம் என்று இப்போது தோன்றுகிறது. பத்து நிமிடம் கழித்து ஒரு நிழல் விழுந்தது. சுந்தரி வந்து, காகிதத்தைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, முதுகை வலையில் சாய்த்தாள். என் பக்கமாக.

அக்கா நீளக் கைப்பிடி பிரஷ்ஷை என்னிடம் கொடுத்தார்.

நான் சொறிந்தேன். பதினோரு மணி ஆனது. போன் அடித்தது, எடுக்கவில்லை. பிரஷ்ஷை நிறுத்தினால் அவள் தோளைக் குலுக்குவாள். ரோமத்துக்கு அடியில் சர்க்கஸ் சங்கிலி விட்டுப்போன தழும்பு ஒன்று இருந்தது. அந்த இடத்தில் மெதுவாகத் தேய்த்தேன். அவளும் 'ப்ச், ப்ச்' என்றாள். நானும் 'ப்ச், ப்ச்' என்றேன். பின்னால் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. டாக்டர்.

"பதினொண்ணே முக்கால் ஆச்சு தம்பி. சர்டிஃபிகேட் எங்க?"

"மேடம் அது மேல உக்காந்திருக்காங்க சார்."

டாக்டர் திரும்பி, ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தார். அக்கா பூசணிக்காயைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் சுந்தரிக்குப் போதும் என்று தோன்றியது. எழுந்தாள், திரும்பினாள், என்னை நேராகப் பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவை. பட்டத்தை எடுத்து, அதில் இருந்த என் புகைப்படத்தை நகத்தால் இரண்டு முறை சுரண்டிவிட்டு, இடைவெளி வழியாக வெளியே தள்ளினாள். பழம் கேட்கவில்லை.

டாக்டர் அதை இரண்டு விரலால் வாங்கினார். எச்சில் சொட்டியது. இரண்டு மூலை இல்லை. நடுவில் நான்கு பல் குழிகள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஒரிஜினலை லேமினேட் பண்ணியிருக்கீங்களே?"

"பண்ணலைன்னா இந்நேரம் கூழா வழிச்சு எடுத்திருப்போம் சார்" என்றார் ஸ்டெல்லா அக்கா.

வேலை நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போனது. தண்டனையாக, காப்பகம் முழுக்க மஞ்சள் கோட்டை நானே புதிதாக வரைந்தேன். ஆனால் டாக்டர் கோப்பில் எழுதிய ஒரு வரியை அக்கா படித்துக் காட்டினார்: "விதியை மீறினார். குழு இவரை ஏற்றுக்கொண்டுவிட்டது." நான் வாங்கிய எந்த மதிப்பெண்ணும் எனக்கு அவ்வளவு பெருமை தந்ததில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். கோட்டுக்கு இந்தப் பக்கம்.

அன்று வீட்டுக்குத்தான் எப்படிப் போவது என்று தெரியவில்லை. பஸ்ஸில் நான்கு பொய்களை ஒத்திகை பார்த்தேன். அம்மா மஞ்சப்பையைத் திறந்ததும் நான்கும் மறந்துவிட்டன. எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். பேன் பார்த்ததுவரை.

அம்மா திட்டவில்லை. படிக்கத் தெரியாத என் அம்மா அந்தப் பட்டத்தில் எப்போதும் என் படத்தை மட்டும்தான் தொட்டுப் பார்ப்பாள். அன்று விரல் மெல்ல நகர்ந்து பல் குழிகளில் இறங்கியது. ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"இத்தினி எய்த்துல இந்த நாலுதான்டா எனக்குப் படிக்க வருது" என்றாள்.

அப்பா அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போது உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டேய், இத்த என் தங்கச்சி கேக்கணும்டா" என்றார். யோசிக்காமல் சொல்லிவிட்டார் போல. அப்புறம் போனை என்னிடம் நீட்டி, நம்பரைப் போட்டுத் தரச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். டூப்ளிகேட் வாங்கிவிடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அதற்குள் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டிவிட்டாள். அன்று அத்தைக்குச் செய்ததையே இன்றுவரை வருகிற எல்லோருக்கும் செய்கிறாள். சட்டத்தை இறக்கி, விரலை வைத்து முழுப் பட்டத்தையும் வாசித்துக் காட்டுவாள்: "இது முத்து இட்டுக்கினு ஓடுனப்ப வுழுந்த கீறல். இது ராஜா வந்தப்ப மடங்குனது. இந்த நாலும் சுந்தரி."

அத்தை அன்று கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தேடினாள்.

"எல்லாம் சரி அண்ணி. யுனிவர்சிட்டி ஐயா கையெழுத்து எங்க?"

"அவரு மூலையில சின்னதா போட்டிருந்தாரு" என்றாள் அம்மா. "அத்தத் துன்னுட்டுதான் இவ நடுவுல பெருசா போட்டுக்கிறா."